திரையிற் கண்ட கேணி

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் காப்பியமும் பயிலும் எமக்குக் கணினித் திரையோடு யாது தொடர்பு என்று இவ்விதழைப் புரட்டும் அன்பர் வினவக்கூடும். வினா முறையானதே. சென்ற ஆனித் திங்கள் வரை யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் அதன்பின் ஓராண்டு நிறைவதற்குள் நிகழ்ந்தவை, ஒரு பொறியின் முகத்தில் எழுதப்படும் சொல் பிறர் வீட்டுத் தண்ணீர்க் குடம் வரை சென்று சேரும் என்பதை எமக்கு உணர்த்தின. நிகழ்ந்தவற்றுள் பிழை எம்முடையது. அதனாற் பெற்ற அறிவு பிறர்க்கும் பயன்படலாம். ஆதலின் ஒன்றையும் மறையாது ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் பம்மல். நாடகப் பேராசிரியர் சம்பந்த முதலியார் தம் பெயரின் முன் அணிந்திருந்தது இவ்வூர்ப் பெயரே. 1891-ஆம் ஆண்டிற் சுகுண விலாச சபையை நிறுவித் தமிழ் நாடகத்திற்குப் புத்துயிர் அளித்த அப்பெரியாரால் ஊரின் பெயர் தமிழுலகெங்கும் பரவிற்று. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர், 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. நாள்தோறும் யாம் பேருந்தேறிப் பல்லாவரம் வந்து, அங்கிருந்து மின்சார இரயிலில் தாம்பரம் சேர்ந்து கல்லூரியை அடைகின்றோம்.

இரயில் நிற்கும் நிலையங்களுள் குரோம்பேட்டை ஒன்று. குரோமிய உப்பால் தோலைப் பதனிட்ட தொழிற்சாலையினாலேயே அதற்கு அப்பெயர் வாய்த்தது. எம் ஊரை அடுத்த நாகல்கேணியிலும் தோல் பதனிடுந் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அத்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறளித்தது. அதனை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும் பச்சைத் தோல் கெடாதிருத்தற் பொருட்டு அதன்மேல் உப்பு அப்பப்படுகின்றது. பதனிடுமுன் அவ்வுப்பு கழுவப்படுகின்றது. கழுவிய நீர் எங்கேனும் சென்று சேரவேண்டுமன்றோ? கழிவு நீரைத் துப்புரவு செய்யும் பொது நிலையம் பின்னர் ஏற்பட்டது. ஆனால் மண் உண்ட உப்பை மண் எளிதிற் கக்குவதில்லை. எம் பாட்டியார் வீட்டுக் கொல்லையில் ஓர் உறைகிணறு உண்டு. அதன் நீர் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவுமே பயன்படும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் விலைக்கு வரும். "இந்தத் தண்ணியில்தான் உங்க அப்பனை வளர்த்தேன்" என்று பாட்டியார் கிணற்றைப் பார்த்துக் கூறுவது எமக்குப் பழகிய சொல்.

இச்சொல்லை ஒருநாள் இரயிலில் வரும்போது நண்பர் மூவரிடம் கூறினோம். ஒருவர் பௌதிகம் பயில்பவர், ஒருவர் இரசாயனம், மற்றொருவர் கணினியியல். ஊர்க் கிணறுகளின் நீரை மாதந்தோறும் அளந்து குறித்து வைத்தால் என்ன என்று பௌதிக நண்பர் கேட்டார். யாம் நால்வரும் இசைந்தோம். முயற்சி இவ்வாறு எளிதாகத் தொடங்கிற்று.

அளக்கும் கருவி முன்னரே கிட்டிற்று. புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் அஜித் குமார் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் கல்லூரி மாணாக்கர்க்கென்று உருவாக்கிய 'எக்ஸ்பைஸ்' என்னும் சிறு பெட்டி அது. உள்ளங்கையில் அடங்கும்; கணினியோடு ஒரு கம்பியால் இணையும்; மின்னலைகளை உண்டாக்கும், அளக்கும். அதன் அமைப்பும் அதை இயக்கும் பைத்தான் மொழி நிரல்களும் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. இரு எஃகுக் கம்பிகளை நீரில் அமிழ்த்தி, அளவறிந்த ஒரு மின்தடையை அவற்றோடு தொடராக இணைத்து, மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால், இரண்டன் மின்னழுத்தங்களையும் ஒப்பிட்டு நீரின் மின்கடத்துதிறனைக் கணக்கிடலாம். நேர்மின்னோட்டம் பயன்படாது; அது நீரைப் பிரித்துக் கம்பிகளின்மேல் வாயுவைப் படியச் செய்யும். கருவியைச் சரிபார்க்க, 1 லிட்டர் நீரில் 0.01 மோல் பொட்டாசியம் குளோரைடு கலந்த கரைசலை இரசாயன நண்பர் ஆக்கித் தந்தார். 25 பாகை வெப்பத்தில் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் என்பது உலகறிந்த அளவு. வெப்பம் ஒரு பாகை ஏறினால் கடத்துதிறன் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறும். அதற்கும் திருத்தம் செய்தோம். கடத்துதிறன் தெரிந்தால் நீரிற் கரைந்துள்ள உப்பின் அளவை மதிப்பிடலாம்.

இதுகாறும் எமக்கு அங்கே வேலை ஒன்றும் இருந்திலது, குடுவை கழுவினோம். கருவிக்கு முகம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்த பின்னரே எமக்கும் வேலை வந்தது.

முகம் என்றது, கணினியின் திரையில் மனிதன் காண்பதும் தொடுவதுமாகிய பகுதியை. இடைமுகம் என்பர். உள்ளே கணக்கு எத்துணைத் திருத்தமாக நடப்பினும், வெளியே நிற்பவன் அறிவது இம்முகத்தையே. அதனை எவ்வாறு அமைப்பது என்பதில் நால்வர்க்கும் நான்கு கருத்துக்கள். "முகமே வேண்டா; கட்டளையைத் தட்டினால் எண் வந்து விழும்; அது போதும்" என்றார் பௌதிக நண்பர். மாதந்தோறும் ஏறியிறங்கும் அளவுகளை வரைபடமாகக் காணவேண்டும் என்றார் இரசாயன நண்பர். கணினியியல் நண்பர்க்கோ பொத்தான், சாளரம், வண்ணம் ஆகியவற்றின்மேல் ஆசை. எமக்குத் தோன்றியது ஒன்றே: நாள்தோறும் கருவியை இயக்கப் போகின்றவர் யாம் அல்லேம், எம் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவினர். அவருட் பலர் தமிழ் ஒன்றே படிப்பவர். ஆகவே முகம் தமிழ் பேசவேண்டும்.

கணினியியல் நண்பர் முதலில் எடுத்தது 'டிகே' என்னும் கருவித் தொகுதி. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹவுட் என்பவர் முன்னொரு காலத்தில் இயற்றியது. பைத்தானோடு சேர்ந்தே வருவதாகலின் வேறொன்றையும் நிறுவ வேண்டுவதில்லை. ஒரே இரவில் நண்பர் முகத்தை அமைத்துவிட்டார். அவர் வீட்டு விண்டோசு கணினியில் அழகாக விளங்கிற்று. மறுநாள் ஆய்வுக்கூடத்து லினக்சு கணினியில் அதனை இயக்கினோம். கிணறுகள் இருக்குமிடங்களின் பட்டியலில் 'நாகல்கேணி' என்ற பெயர் சிதைந்து நின்றது. ககரம் தனியே நிற்க, அதன் இடப்புறம் இருக்கவேண்டிய இரட்டைச் சுழிக் கொம்பு வலப்புறம் சென்று, அடுத்து நின்ற ணகரத்தின் தோளைத் தொட்டது. கேணி என்ற சொல்லில் கேணியைக் காணோம்!

காரணம் எமக்கு வியப்பளித்தது. உயிர்மெய்யெழுத்தில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வரும் என்பது நம் இலக்கணம். கணினியும் இம்முறையையே பின்பற்றி, முதலிற் ககரத்தையும் பின்னர் ஏகாரக் குறியையும் வைத்துக் காக்கின்றது. ஆனால் நம் கையெழுத்து வழக்கில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்படும். ஆதலின் திரையில் வரையும் நேரத்தில் எவரேனும் அவற்றை இடமாற்றி வைத்தல் வேண்டும். விண்டோசில் அப்பணியை இயங்குதளமே செய்தது. லினக்சில் அந்த டிகே அப்பணியைச் செய்யவில்லை. வந்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கிற்று. குறில் நெடில் மயக்கத்தைத் தீர்க்க இரட்டைச் சுழியை வகுத்தவர் வீரமாமுனிவர் என்று வகுப்பிற் படித்திருக்கின்றோம். இருநூறாண்டுக்கு மேலாகத் தமிழர் கையில் வழுவாது நின்ற அக்கொம்பு, ஒரு பொறியின் கவனக் குறைவால் இடம்பெயர்ந்து நின்றதைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்று அறியேம்.

"ஆங்கிலத்தில் எழுதிவிட்டாற் போயிற்று" என்றார் பௌதிக நண்பர். மொழிப்பற்றால் மட்டும் யாம் அதனை மறுத்தோமல்லேம். கருவியை யாருக்காக அமைக்கின்றோமோ அவர் படிக்கவியலாத எழுத்தில் அதன் முகத்தை எழுதினால், கருவி எம் நால்வர்க்கே உரியதாகிவிடும். நண்பரும் சிறிது சிந்தித்து, அது சரியே என்றார்.

பின்னர் வேறு வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். முதலாவது, இணைய உலாவியிற் காணும் பக்கமாக அமைத்தல். உலாவி தமிழைப் பிழையின்றி எழுதும், கைப்பேசியிலும் தெரியும். ஆயினும் பெட்டியோடு பேச இடையே மற்றொரு நிரல் வேண்டும். அன்றியும் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றின் அளவும் ஊரறியத் திரையேறுமோ என்று வீட்டுக்காரர் சிலர் அஞ்சினர். "குடித்தனக்காரர் போய்விட்டால்?" என்று ஓர் அம்மையார் கேட்டதற்கு எம்மிடம் விடையில்லை. இரண்டாவது, 'ஜூபிட்டர்' என்னும் ஏட்டு முறை. கணக்கும் விளக்கமும் வரைபடமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும். ஆராய்வார்க்கு அதனினும் இனியது இல்லை. இரசாயன நண்பர் இன்றும் அதனையே கையாளுகின்றார். ஆனால் அதன் பகுதிகளை வரிசை மாறி இயக்கினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்துவிடும். பழகாதவர் கையில் தருவதற்கு ஏற்றதன்று.

மூன்றாவது 'கியூட்' என்னும் தொகுதி. நார்வே நாட்டிற் பிறந்து 1995-ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுத்துக்களை உரிய இடத்தில் அமைத்துத் தருதற்கு 'ஹார்ப்பஸ்' என்னும் நிரலைத் துணைக் கொள்கின்றது. அப்பெயர் பாரசீக மொழியில் 'திறந்த எழுத்து' எனப் பொருள்படுமாம். அதனைப் பைத்தான் வழியே பயன்படுத்த இரு பாலங்கள் உள: பைகியூட் ஒன்று, பைசைடு மற்றொன்று. முன்னதைக் கட்டணமின்றிக் கொள்வோர் தம் நிரலையும் திறந்தே வெளியிடல் வேண்டும்; பின்னதன் உரிமம் சற்றுத் தளர்ந்தது. எம் நிரலை யாவர்க்கும் கொடுப்பதே எம் கருத்தாகலின் இவ்வேறுபாடு எம்மைத் தடுக்கவில்லை. தரவிறக்க வேண்டிய பொதி பெரிது என்பதே குறை. மேலும் ஒரு செய்தி எம்மை ஊக்கிற்று. எக்ஸ்பைஸ் பெட்டியின் பழைய நிரல்களும் டிகே கொண்டே எழுதப்பட்டிருந்தன. பதினேழு என்னும் எண்ணைப் பெயரிற் பூண்ட பிற்காலப் பெட்டிக்கு உரியவை பைகியூட் கொண்டு எழுதப்பட்டுள்ளன. எமக்கு முன்னே பெரியோர் நடந்த வழி அது. ஆகவே பைகியூட்டைக் கொண்டோம். 'நாகல்கேணி' திரையில் நேராக நின்றது.

அதன்பின் சொற்களை அமைக்கும் பணி எம்மிடம் வந்தது. பொத்தானின்மேல் 'அளவிடு' என்று எழுதுவதா, 'அளவிடுக' என்று எழுதுவதா என்பதற்கே ஒரு மாலைப்பொழுது சென்றது. பெரியவர்கள் தொடும் பொத்தானில் ஏவல் வினை மரியாதைக் குறைவு என்பது எம் முதற் கருத்து. பின்னர் உண்மை விளங்கிற்று. பொத்தானைத் தொடுபவர் பொறியை ஏவுகின்றார். ஆகவே பொறியை நோக்கிய சொல் ஏவலாகவே இருக்கலாம். பொறி மனிதரை வேண்டும் இடத்தில் மட்டும் மரியாதை வேண்டும். எனவே பொத்தானில் 'அளவிடு' என்றும், மேலே குறிப்பில் 'கம்பிகளைக் கழுவுங்கள்' என்றும் எழுதினோம். யார் யாரோடு பேசுகின்றார் என்று வினவிக்கொண்டால் திரையில் வரும் சொற்குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லினும் நீளுமாதலின், சொல்லுக்கேற்பப் பொத்தான் விரியுமாறு நண்பர் அமைத்துக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்திருந்தோம். முடியவில்லை என்பதை அறிந்தது பின்னரே.

குடிநீர்க்கென இந்தியத் தர நிறுவனம் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட விதியின்படி, கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருத்தல் ஏற்புடையது. வேறு நீர் கிடையாவிடத்து 2000 வரை பொறுக்கலாம். இதனைக் கொண்டு கணினியியல் நண்பர் திரையில் ஒரு விளக்கு வைத்தார். 500-க்குக் கீழ் பச்சை. அதற்கு மேல் மஞ்சள். 2000-ஐத் தாண்டினாற் சிவப்பு. எண் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும் என்பது அவர் நோக்கம். நல்ல நோக்கமே. பச்சை விளக்கின் கீழ் என்ன எழுதுவது என்று எம்மைக் கேட்டார். யாம் தயங்காது 'நல்ல நீர்' என்று எழுதிக் கொடுத்தோம். சொல் சிறிது, இனிது, யாவர்க்கும் விளங்குவது என்று அன்று பெருமிதமும் கொண்டோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறுகள் பெருகின. பாட்டியார் வீட்டுக் கிணற்று நீரை அளந்தோம். மழைநீர் கலந்தமையால் உப்பு குறைந்து, அளவு 500-க்குக் கீழ் வந்தது. திரையில் பச்சை விளக்கு. அதன் கீழ் 'நல்ல நீர்'. பாட்டியார் எழுத்துக் கூட்டிப் படித்து, கிணற்றையும் எம்மையும் மாறி மாறி நோக்கி முகம் மலர்ந்தார். பல ஆண்டு கழித்துப் பிள்ளை வீடு திரும்பியது போன்ற மகிழ்ச்சி அது. மறுநாள் முதல் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டார். யாம் கல்லூரித் தேர்வில் மூழ்கியிருந்தமையின் அதனைக் கவனித்திலோம். அடுத்த வீட்டு அம்மையாரும் பாட்டியார் சொற்கேட்டு நாள்தோறும் இரண்டு குடம் எடுத்துச் சென்றிருக்கின்றார். அவர் வீட்டில் ஒரு வயது நிரம்பிய குழந்தை ஒன்று உண்டு.

நான்காம் நாள் இரவு அக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டன. மருத்துவமனையிற் சேர்த்து ஓர் இரவு சலைன் ஏற்றினர். தேவனருளாற் குழந்தை பிழைத்தது. நோய்க்குக் காரணம் கிணற்று நீரோ வேறொன்றோ, எவரும் உறுதியாகக் கூறவில்லை. காய்ச்சாத நீரைக் கொடுக்கவேண்டா என்று மருத்துவர் சொன்னார். செய்தியைக் கேட்டு யாம் பாட்டியார் வீட்டிற்கு ஓடினோம். "ஏன் ஆயா அதைக் குடித்தீர்கள்?" என்று, பிழை அவருடையது போலக் கேட்டுவிட்டோம். பாட்டியார் சினக்கவில்லை. "நீங்கதானே கண்ணு பச்சை விளக்கைக் காட்டி நல்ல நீர்னு எழுதினீங்க?" என்றார். எமக்கு நா எழவில்லை.

கருவி பொய் கூறவில்லை. உப்பு 500-க்குக் கீழ் இருந்தது உண்மை. ஆயின் மின்கடத்துதிறன் நோய்க்கிருமியைக் காணாது. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை என்னும் கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது என்பது அதே தரவிதியின் கட்டளை. மழைக்காலத்திற் சாக்கடை நீர் கிணற்றுட் புகுதல் எளிது. எம் ஊரார் அஞ்சும் குரோமியத்தையும் இக்கருவி காணாது. அதற்கு விதித்த எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், உப்பின் எல்லையாகிய 500-ல் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உப்பை அளக்கும் கோலால் அதனைக் காணுதல், மூட்டை நெல்லை நிறுக்கும் தராசில் குன்றிமணியை நிறுப்பது போலாம். இவை யாவும் எமக்கு முன்னரே தெரியும்; இரசாயன நண்பர் முதல் நாளே கூறியிருந்தார். தெரிந்தும், உப்பு ஒன்றை மட்டும் அளந்துவிட்டு, நீர் முழுவதற்கும் நற்சான்று எழுதிக் கொடுத்தோம்.

அவ்வாரத்தில் பௌதிக நண்பர் ஒரு பழைய நிகழ்ச்சியை எமக்குக் கூறினார். 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஓர் அடைப்பிதழ் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அதன் வழியே குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்திற்கு மேலாக வெளியேறிற்று. கட்டுப்பாட்டு அறையிலோ அவ்விதழுக்குரிய விளக்கு அணைந்திருந்தது. பணியாளர் இதழ் மூடிவிட்டது என்று கருதினர். உண்மையில் அவ்விளக்கு, மூடும்படி கட்டளை சென்றது என்பதையே காட்டியது; மூடியதா என்பதைக் காட்டவில்லை. உலையின் உள்ளகம் ஓரளவு உருகிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அங்கே மாபெரும் உலை, இங்கே உறைகிணறு. ஆயினும் பிழை ஒன்றே: விளக்கு அறிந்தது ஒன்று, பார்த்தவர் அறிந்துகொண்டது வேறொன்று.

அடுத்த வீட்டிற்குச் சென்று, அச்சொல்லை எழுதியது யாமே என்று கூறினோம். அதனினும் கடினமான தேர்வு எதையும் யாம் எழுதியதில்லை. அம்மையார் குழந்தையை மடியில் வைத்தபடி, "எழுதியிருந்ததைத்தானே நம்பினேன்" என்றார். அவர் குரலிற் கோபமில்லை. அதுவே எம்மை மிகவும் சுட்டது.

தைத் திங்களில் முகத்தை மீண்டும் அமைத்தோம். இம்முறை எந்தக் கருவித் தொகுதி என்ற வினா எழவில்லை. இதனைக் காண்பவர் எழுந்து சென்று என்ன செய்வார் என்ற வினாவே முன்னின்றது. விளக்கை நீக்கினோம். 'நல்ல நீர்' என்ற சொற்களை நீக்கினோம். அவ்விடத்தில் மூன்று வரிகள் ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. முதல் வரியில் 'உப்பு' என்றும் அதன் எதிரே எண்ணும், குறைவு அல்லது மிகுதி என்ற சொல்லும் வரும். இரண்டாம் வரியில் 'நோய்க்கிருமி: அளக்கவில்லை'. மூன்றாம் வரியில் 'குரோமியம்: அளக்கவில்லை'. வெறுமையாக இரு வரிகளைத் திரையில் வைப்பது அழகன்று என்று கணினியியல் நண்பர் முதலில் வருந்தினார். அவ்வெறுமையைக் காட்டுவதே அத்திரையின் கடமை என்று நால்வரும் பின்னர் உடன்பட்டோம். கீழே எச்சரிக்கையாக யாம் 'காய்ச்சாது பருகற்க' என்று எழுதினோம். பாட்டியாரைத் திரைமுன் அமர்த்தி, ஒன்றும் விளக்காது, என்ன விளங்குகிறது என்று மட்டும் கேட்டோம். "பருகற்கன்னா குடிக்கலாம்னுதானே?" என்றார். எம் இலக்கணம் அங்கே தலைகுனிந்தது. 'காய்ச்சாமல் குடிக்காதீர்கள்' என்று மாற்றினோம். இவ்வாறு மும்முறை அவரிடம் படித்துக் காட்டச் செய்து, மும்முறை திருத்தினோம்.

அன்பர்காள்! நம் கல்லூரியில் ஆண்டுதோறும் பலர் ஆய்வுக்கென நிரல்கள் எழுதுகின்றனர். எத்தொகுதியைக் கொள்வது என்று ஐயுறுவார்க்கு எம் சிறு அனுபவத்தாற் சொல்லத்தக்கவை சில. தாமே ஆராய்வதற்கு ஏட்டு முறை போதும். பிறர் கையிற் கொடுப்பதாயின், அவர் கணினியிலேயே, அவர் மொழியிலேயே, கொம்பும் சுழியும் உள்ள சொற்களை எழுதிப் பார்த்துப் பின்னரே தொகுதியைத் தேர்க. உரிமத்தைப் படிக்க. கணக்கிடும் பகுதியை முகத்தினின்று பிரித்து எழுதுக. முகத்தை மாற்ற நேர்ந்தபோது எம் கணக்கில் ஒரு வரியும் மாறாது தப்பியது அதனாலேயே. இவை யாவினும் மேலாக, அளந்ததை அளந்தவாறு காட்டுக. அளவாததையும் அளக்கவில்லை என்று காட்டுக. தமிழ் பயிலும் தோழர்க்கும் ஒரு சொல்: நிரல் எழுதுவோர் சொற்கேட்டு வந்தால், இனிய சொல்லைக் கொடுத்துவிட்டு அகலாதீர்; அச்சொல்லைப் படிப்பவர் அருகில் ஒருநாள் அமர்ந்திருங்கள்.

சென்ற ஞாயிறன்று ஆலயத்தினின்று திரும்பும்போது பாட்டியார் வீட்டிற்குச் சென்றோம். மாதத்து அளவு எடுக்கப்பட்டது. பாட்டியார் மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். மூன்றாம் வரியில் விரல் நின்றது. "அளக்கவில்லை, அளக்கவில்லைன்னு மாசாமாசம் வருதே, எப்போ கண்ணு அளப்பீங்க?" என்றார்.

பச்சை விளக்கு இருந்த நாளில் இவ்வினாவை எவரும் கேட்டிலர். இரசாயன நண்பர் மறுநாளே தூய கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொணர்ந்து பாட்டியார் கிணற்று நீரை நிரப்பிச் சென்றார். அது நீர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். விடை வரும் வரை அவ்வரி அவ்வாறே நிற்கும். பாட்டியாரும் நீரைக் காய்ச்சியே அருந்துகின்றார்.